மடியில் கனம் இருக்கத்தான் செய்யும்

"மடியில கனமில்லாட்டி வழியில பயமென்ன?"

இணையத்தில் நாங்கள் விட்டுச்செல்லும் தடங்களை அழிப்பது பற்றி யாராவது வாய் திறந்தால் போதும், இந்தப் பழமொழியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார். அது அப்பாவாக இருக்கலாம், அதிபராக இருக்கலாம், சில நேரம் எங்கள் வயதுக்காரராகவே இருக்கலாம். அழிக்கிறாய் என்றால் ஒளிக்கிறாய், ஒளிக்கிறாய் என்றால் பிழை செய்திருக்கிறாய். அவ்வளவுதான், கணக்கு முடிஞ்சுது.

இந்தப் பழமொழியை எங்களுடைய ஊர்களில் இருந்துகொண்டு எப்படி நாக்கூசாமல் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ரவுண்டப்பில் கோயில் வீதியில் வரிசையாக இருத்தி வைக்கப்பட்டவர்களின் மடியில் என்ன கனம் இருந்தது? முகத்தை மூடிக்கொண்டு இருந்த தலையாட்டி தலையை ஆட்டினால் ஆள் போச்சு. கனம் இருந்ததா இல்லையா என்று ஒருவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. சென்றி தாண்டுவதற்கு முதல் அல்பத்தில் இருந்த படங்களைக் கிழித்து அடுப்பில் போட்ட அம்மாமார் எல்லாம் குற்றவாளிகளா? கலியாண வீட்டுப் படத்தில் பக்கத்தில் நிற்பவர் யார் என்பது பிறகு ஒருநாள் என்ன கேள்வியாக வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தடம் அழிப்பது எங்கள் சனத்துக்குப் புதுப் பழக்கம் இல்லை. எங்களைக் காப்பாற்றிய பழக்கங்களில் அதுவும் ஒன்று.

இப்போது அந்த அல்பம் லப்டொப்புக்குள் இருக்கிறது. தமிழில் அதற்கு மடிக்கணினி என்று பெயர் வைத்தவருக்கு இந்தப் பழமொழி ஞாபகம் வந்ததோ தெரியாது. மடியில் கனம் இருக்கத்தான் செய்யும். ஒன்றரைக் கிலோ.

அந்தக் கனத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். பின்னிரவு ஒரு மணிக்கு நீங்கள் கூகிளிடம் கேட்ட கேள்விகளை நீங்கள் வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள். மாதவிடாய் பிந்தினால் என்ன அர்த்தம், மனச்சோர்வுக்கு எந்த மருந்து, விவாகரத்துக்கு எங்கே போவது, ஒரு பெடியனுக்கு இன்னொரு பெடியன்மேல் வருவது என்ன, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கு அழைத்தால் வீட்டுக்குத் தெரியவருமா. இதில் எதுவுமே குற்றம் இல்லை. ஆனால் இதில் எதையாவது உங்கள் மச்சான் வாசித்தால், உங்கள் முதலாளி வாசித்தால், நாளைக்கு உங்களோடு கோபித்துக்கொள்ளப்போகும் காதலன் வாசித்தால்? பிரவுசர் என்பது வீட்டுக்குள் இருக்கும் தலையாட்டி. கேட்கிற ஆளுக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது, தலையை ஆட்டும்.

அரசாங்கத்தையும் விட்டுவிட முடியாது. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 ஏப்ரலில் கைதாகி மாதக்கணக்கில் உள்ளே இருந்தது, பேஸ்புக்கில் போட்ட ஒரு சிறுகதைக்காக. எந்தச் சட்டத்தில்? மனித உரிமை உடன்படிக்கை ஒன்றை நடைமுறைப்படுத்துவதற்கென்று கொண்டுவந்த ஐ.சி.சி.பி.ஆர் சட்டத்தில்! கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்டு, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 2023இல் நிரபராதி என்று விடுவித்தார்கள். அவருடைய 'நவரசம்' தொகுப்பை ஒழுங்காக வாசித்திருந்தால் அந்த ஒன்றரை வருடம் மிஞ்சியிருக்கும். இப்போது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. இவர்கள் இரண்டு பேரின் மடியிலும் இருந்த கனம், ஒரு கதையும் கொஞ்சக் கவிதையும்.

ஆனாலும் உண்மையைச் சொல்லுறன், எங்களில் பெரும்பாலானோருக்கு முதல் ஆபத்து பொலிஸ் இல்லை. வீட்டில் இருப்பவர்களும், லப்டொப் திருத்தும் கடையும், அதைப் பழையதாக விற்றால் வாங்கும் ஆளும்தான். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். சின்னப் பழுது ஒன்றை வேண்டுமென்றே உண்டாக்கி, என்ன நடக்கிறது என்று பதிவு செய்யும் ஏற்பாட்டோடு 16 திருத்துநர்களிடம் கணினிகளைக் கொடுத்தார்கள். அந்தப் பழுதைத் திருத்துவதற்கு ஒரு ஃபைலையும் திறக்கத் தேவையில்லை. ஆனாலும் படங்களைத் திறந்து பார்த்தவர்கள் இருந்தார்கள், எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். பெண்ணுடையது போல அமைக்கப்பட்ட கணினிகளைத்தான் கூடுதலாகக் கிண்டினார்கள். 2022இல் வெளிவந்த அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு: கிண்டியவர்களில் சிலர், தாங்கள் பார்த்த தடத்தை ஒழுங்காக அழித்துவிட்டுத்தான் கணினியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். தடம் அழிப்பவன் கள்ளன் என்று சொல்லும் ஊரில், கள்ளனுக்கு மட்டும்தான் அழிக்கத் தெரிந்திருக்கிறது.

அப்போ எங்களுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்? "ஹிஸ்டரியை கிளியர் பண்ணுங்கோ, பிள்ளையள்." பாடசாலைக் கருத்தரங்கு, நிறுவனங்களின் பட்டறை, யூரியூப் காணொளி, எங்கே போனாலும் இதுதான் மந்திரம். சொல்லும் முறையைக் கவனித்தால் அது பெரும்பாலும் பெட்டையளுக்கான புத்திமதியாகத்தான் இருக்கும். களவாகப் பார்ப்பவனுக்கு ஒரு சொல்லும் இல்லை. வேறொருவரின் கணினிக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம் என்று எத்தனை கருத்தரங்கில் சொல்லியிருக்கிறார்கள்?

சரி, அந்த மந்திரம் வேலையாவது செய்யுமா என்று பார்ப்போம்.

ஒரு ஃபைலை அழிக்கும்போது கணினி அந்த ஃபைலை அழிப்பதில்லை. அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பை மட்டும் எடுத்துவிட்டு, 'இந்த இடம் இனிக் காலி' என்று எழுதி வைக்கிறது. வீட்டுப் படலையில் இருந்த இலக்கத் தகட்டைக் கழற்றியது மாதிரி. அந்தக் காணியில் வேறு யாராவது கட்டும்வரைக்கும் வீடு அப்படியே நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் 'குயிக் ஃபோர்மற்' செய்வதும் இதே கதைதான், ஊரில் உள்ள எல்லாத் தகட்டையும் ஒரேயடியாகக் கழற்றுகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரண்டு மாணவர்கள் பாவித்த ஹார்ட் டிஸ்க்குகள் 158ஐ வாங்கிப் பார்த்து 2003இல் எழுதினார்கள். ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. அது பழைய கதை என்று நினைத்தால், பாவித்த லப்டொப் ஒன்றை வாங்கி இலவச மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட விட்டுப் பாருங்கள். நான் வாங்கிய ஒன்றில், "புதுசா விண்டோஸ் போட்டுத்தான் தாறம்" என்று கடைக்காரர் சத்தியம் செய்த ஒன்றில், முன்னைய சொந்தக்காரரின் சுயவிபரக்கோவையும் அடையாள அட்டை ஸ்கானும் வந்து விழுந்தன. அவற்றை நான் வாசிக்கவில்லை. ஆனால் வாசிக்கக்கூடிய இன்னொருவர் கையில் அது போயிருக்கலாம்.

இனி பிரவுசருக்கு வருவோம். ஹிஸ்டரி என்பது அது வைத்திருப்பதில் ஒரு பங்குதான். குக்கிகள், கஷே, டவுன்லோட் பட்டியல், படிவங்களில் நீங்கள் நிரப்பிய பெயர் விலாசம், சேமித்த பாஸ்வேர்ட்டுகள் எல்லாம் தனித்தனி. ஹிஸ்டரியை விட குக்கி ஆபத்தானது. உங்கள் மின்னஞ்சல் பாஸ்வேர்ட் கேட்காமல் திறப்பது அதனால்தான், லப்டொப்பைத் திறந்த எவருக்கும் அது அப்படியே திறக்கும். அழிக்கும் பெட்டியில் கால எல்லை 'கடைசி ஒரு மணித்தியாலம்' என்று நின்றால், நீங்கள் அழித்தது அந்த ஒரு மணித்தியாலத்தை மட்டும்தான். பிரவுசருக்கு வெளியிலும் தடம் இருக்கிறது: இறக்கிய பி.டி.எஃப் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில், அண்மையில் திறந்தவை என்று விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியலில், படங்களின் சின்ன வடிவங்களைச் சேமிக்கும் இடத்தில். லப்டொப்பை ஹைபர்னேற்றில் விட்டால், அந்த நேரம் நினைவகத்தில் இருந்தது எல்லாம் டிஸ்க்கில் ஒரு ஃபைலாக எழுதப்படுகிறது. 'கிளியர்' என்ற பொத்தான் இதில் எதையும் தொடாது.

கணினியை விட்டு வெளியே போனால் இன்னும் மோசம். கூகிள் கணக்கில் உள்நுழைந்தபடி தேடினால், தேடியது கூகிளிடமும் இருக்கும். 'மை அக்டிவிற்றி' என்ற பக்கத்துக்குப் போய் அதைத் தனியாக அழிக்க வேண்டும். 3, 18 அல்லது 36 மாதத்தில் தானாக அழியும்படி வைக்கவும் அங்கே வழி இருக்கிறது. ஒரே கணக்கு வீட்டுக் கணினியிலும் போனிலும் இருந்து, 'சிங்க்' ஓடிக்கொண்டிருந்தால், போனில் தேடியது அண்ணாவின் மேசையில் வந்து நிற்கும்.

"அதுக்குத்தானே இன்கொக்னிற்றோ இருக்கு" என்பவர்களுக்கு: அந்தத் தொப்பியும் கண்ணாடியும் போட்ட உருவத்தை நம்பி உலகம் முழுக்க ஏமாந்தது. அந்த ஜன்னலை மூடினால் உங்கள் கணினியில் ஹிஸ்டரி நிற்காது, குக்கி நிற்காது, அது உண்மை. ஆனால் நீங்கள் போன தளங்களுக்கும், இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்கும், அலுவலக நெட்வேர்க்குக்கும் அந்தத் தொப்பி தெரியவே தெரியாது. கூகிளே அந்த ஜன்னலுக்குள் நடந்ததைச் சேகரித்தது என்று 2020இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2024இல் வெளிவந்த சமரசத்தின்படி, பில்லியன் கணக்கான பதிவுகளை அழிக்கவும் அந்த ஜன்னலில் வரும் அறிவிப்பை மாற்றவும் கூகிள் ஒத்துக்கொண்டது. மறைவுக்கு என்று விற்ற திரையை நெய்தவனே திரைக்குப் பின்னால் நின்றிருக்கிறான்.

இன்னும் வயிறு எரியும் கதை 'கிளீனர்' மென்பொருட்களுடையது. எங்கள் பக்கத்தில் லப்டொப் வாங்கினால், கடையிலேயே சீகிளீனரைப் போட்டுத் தருவார்கள். ஏதோ கிரைண்டரோடு தரும் மூடி மாதிரி. ஒரு பொத்தானை அழுத்தினால் எத்தனையோ எம்.பி குப்பை போனதாகக் காட்டும், மனசுக்கும் குளிரும். 2017இல் அந்தச் சீகிளீனரின் ஒரு பதிப்புக்குள் ஹக்கர்கள் நச்சு நிரலைச் செருகினார்கள். நிறுவனத்தின் சொந்தச் சேவரில் இருந்தே சுமார் 22 லட்சம் பேர் அதை இறக்கிக்கொண்டார்கள். அதே வருடம் அந்த நிறுவனத்தை வாங்கியிருந்தது அவாஸ்ற், வைரசுக்கு எதிரான மென்பொருளால் பெயர் பெற்ற கம்பனி. அந்த அவாஸ்ற், தன் பாவனையாளர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற தரவை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றுக்கொண்டிருந்தது 2020 ஜனவரியில் அம்பலமானது. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 16.5 மில்லியன் டொலர் கட்டச் சொன்னது. உங்கள் உலாவல் தடத்தை அழித்துத் தருகிறேன் என்று ஒரு கையால் வாங்கி, உலாவல் தடத்தை மறுகையால் விற்ற குடும்பம். அழித்த ஃபைல்களை மீட்டுத் தரும் ரெக்குவாவும் அந்த வீட்டுப் பிள்ளைதான் என்பதை இதோடு சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

"அப்ப ஷ்ரெட் பண்ணினா?" நல்ல கேள்வி. ஃபைல் இருந்த இடத்தின்மேல் வேறு எதையாவது எழுதினால் பழையது போய்விடும் என்பது பழைய, சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குச் சரி. 35 தடவை எழுத வேண்டும் என்று இப்போதும் சிலர் சொல்வார்கள். பீற்றர் குட்மன் 1996இல் எழுதிய கட்டுரையில் இருந்து வந்த இலக்கம் அது. இன்றைய டிஸ்க்குக்கு அது அர்த்தமில்லை என்று அவரே பிறகு சொல்லிவிட்டார். ஒரு தடவை முழுதாக எழுதினாலே போதும். ஆனால் இப்போது வரும் லப்டொப்புகளில் பெரும்பாலும் இருப்பது எஸ்.எஸ்.டி. அதில் நீங்கள் 'இந்த இடத்தில் எழுது' என்றால், சில்லுகள் ஒரே இடத்தில் தேய்ந்து போகாமல் இருப்பதற்காக, அது வேறு இடத்தில் எழுதிவிட்டு 'எழுதிட்டன்' என்று சொல்லும். பழையது எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். கலிபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் 2011இல் சோதித்தார்கள். தனி ஃபைல்களை அழிக்கும் முறைகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஃபைலின் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை மிஞ்சியிருந்தது. எஸ்.எஸ்.டியில் ஒரு தனி ஃபைலை உறுதியாக அழித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தெரியாது, அல்லது அவர் எதையோ விற்கிறார்.

என்னுடைய சண்டை இந்த இடத்தில்தான். அழிப்பது என்பது கடைசியில் செய்யும் வேலை என்று எங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். பார்த்து முடித்த பிறகு, பயம் வந்த பிறகு, ஒரு பொத்தான். அது பிந்திய வேலை. தொடக்கத்திலேயே டிஸ்க்கை முழுதாக என்கிறிப்ட் செய்துவிட்டால், அதில் எழுதப்படும் எல்லாமே பூட்டுக்குள்தான் எழுதப்படும்: ஹிஸ்டரி, கஷே, ஹைபர்னேற் ஃபைல், மூலையில் கிடக்கும் மிச்சங்கள் எல்லாம். திறப்பு இல்லாதவனுக்கு அது வெறும் இரைச்சல். விற்கும் நாளில் திறப்பை அழித்துவிட்டால் டிஸ்க்கையே அழித்தது போலத்தான். விண்டோஸ் ஹோம் இருக்கும் பல லப்டொப்புகளில் 'டிவைஸ் என்கிறிப்ஷன்' என்று செற்றிங்ஸில் இருக்கிறது, புரோ என்றால் பிட்லொக்கர், மக் என்றால் ஃபைல்வோல்ற், லினக்ஸ் போடும்போதே கேட்கும். ஒன்றும் இல்லாவிட்டால் வெராகிரிப்ற், இலவசம். ஏற்கெனவே பாவித்த லப்டொப் என்றால், பிட்லொக்கர் கேட்கும் இடத்தில் பாவித்த இடத்தை மட்டும் அல்ல, முழு டிஸ்க்கையும் தெரிவு செய்யுங்கள். மீட்புத் திறப்பை லப்டொப்புக்குள்ளேயே வைக்காமல் வேறெங்காவது எழுதி வையுங்கள், மறந்தால் உங்கள் கம்பஸ் அசைன்மென்றும் சேர்ந்துதான் போகும்.

இதுவும் மந்திரம் இல்லை. லப்டொப் திறந்தபடி கிடந்தால் பூட்டு ஒன்றும் செய்யாது. பாஸ்வேர்ட் உங்கள் பிறந்த திகதி என்றால், தங்கச்சி முதல் தடவையிலேயே திறப்பாள். யாராவது தலைக்கு மேலே நின்று "திற" என்றால், கணிதம் வந்து காப்பாற்றாது. திருத்தக் கொடுக்கும்போது கடைக்காரர் பாஸ்வேர்ட் கேட்பார். பற்றரி மாற்றவும் திரை மாற்றவும் அது தேவையில்லை, கொடுக்க வேண்டாம். "ஏன் தங்கச்சி, ஏதும் இருக்கோ?" என்று ஒரு சிரிப்புச் சிரித்தால், வேறு கடைக்குப் போகலாம். விற்பதற்கு முதல் விண்டோஸின் 'ரீசெற்' பகுதியில் எல்லாவற்றையும் நீக்கி, டிரைவையும் சுத்தம் செய்யும் தெரிவைப் போடுங்கள். அது மணித்தியாலங்கள் எடுக்கும், எடுக்கட்டும்.

ஒரே கணினியை நாலு பேர் பாவிக்கும் வீடுகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும், இதைப் பட்டறைகளில் யாரும் சொல்வதில்லை. முழுதாகக் காலியான ஹிஸ்டரியும் ஒரு வாக்குமூலம்தான். நேற்று வரைக்கும் நிறைந்திருந்த பட்டியல் இன்றைக்கு வெறுமையாக இருந்தால், சந்தேகிக்கும் கணவனுக்கு அதுவே போதும். அடிக்கும் ஆளோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு 'எல்லாவற்றையும் அழி' என்பது ஆபத்தான புத்திமதி. அவள் அந்த ஒன்று இரண்டு வரியை மட்டும் நீக்கலாம். அதைவிட, அந்தத் தேடலை அந்தக் கணினியில் செய்யாமல் நம்பக்கூடிய சிநேகிதியின் போனில் செய்யலாம். உடனடி ஆபத்து இல்லாத வீடென்றால் விண்டோஸில் ஆளுக்கொரு கணக்குத் தொடங்கி, ஆளுக்கொரு பாஸ்வேர்ட் போடுவது இரண்டு நிமிட வேலை. நிர்வாகி உரிமை யாருடைய கணக்கில் இருக்கிறதோ அவருக்கு உங்கள் ஃபோல்டர் திறக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். "எங்களுக்குள்ள என்ன ஒளிப்பு?" என்று அம்மா கேட்பா. அலுமாரிக்கு அம்மாவும் திறப்பு வைத்திருக்கிறா.

வழக்கு ஒன்று தொடங்கிவிட்ட பிறகு, கணினி சான்றாகக் கேட்கப்பட்ட பிறகு அழிப்பது வேறு விஷயம். அது குற்றமாகலாம், அதற்குச் சட்டத்தரணியிடம் போங்கள். நான் கதைப்பது அன்றாடத்தைப் பற்றி. குப்பையைக் கூட்டுவது போல, படலையைச் சாத்துவது போல, ஒரு காரணமும் சொல்லத் தேவையில்லாமல் செய்யும் வேலையைப் பற்றி.

அடுத்த முறை 'இளைஞர்களுக்கான டிஜிட்டல் பாதுகாப்பு' என்று அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முதல் கையைத் தூக்கி இரண்டு கேள்வி கேளுங்கள். முன்னுக்கு புரொஜெக்டரில் கொழுவியிருக்கும் அந்த லப்டொப்பின் டிஸ்க் என்கிறிப்ட் செய்யப்பட்டிருக்கிறதா? காலையில் வாசலில் வைத்து எங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், கையெழுத்து எல்லாம் வாங்கினீர்களே, அந்தத் தாளை யார் யாருக்கு அனுப்பப் போகிறீர்கள், எப்போது அழிக்கப் போகிறீர்கள்?